விழுந்தால் யார் சுமப்பது?

வேட்டைக்குப் போகிறவன் முதலில் பழக வேண்டியது குறி பார்ப்பது என்றுதான், கொலராடோ மலைகளில் என் சம்பந்தியோடு ஐந்து நாள் கூடாரத்தில் தங்கித் திரும்பும் வரையில் நானும் எண்ணியிருந்தேன். அவருடைய பாடத்தில் துப்பாக்கிக்கு வெகு பின்னால்தான் இடம். எந்த மேட்டில் ஏறினாலும், எந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாலும், அவர் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி ஒன்றே: “இங்கே விழுந்தால் எப்படி எடுத்துப் போவோம்?”

என் மகள் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாய்ப் போய் 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் பெண்ணுக்கு, எங்கள் இருவருக்கும் பேத்தியானவளுக்கு, அந்த வருஷம் வயது 14. கொலராடோவில் 12 வயது நிரம்பியவர்கள், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிச் சான்றிதழ் பெற்று, தகுதியுள்ள பெரியவர் ஒருவரின் பார்வையில் இருந்தால் எல்க் மானை வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவள் போட்டிருந்த விண்ணப்பத்துக்குக் குலுக்கலில் பெட்டை எல்க் ஒன்றுக்கான உரிமம், அவர்கள் பாஷையில் ‘டேக்’, கிடைத்துவிட்டது. “தாத்தா, நீங்களும் வரணும்” என்றாள். நான் மாமிசம் உண்கிறவன். ஆனால் கசாப்புக்காரர் பொட்டலம் கட்டித் தருவதற்கு முந்திய கட்டங்களை ஒருநாளும் கண்ணால் கண்டவனல்லன். உண்பதற்கு உள்ள துணிவு பார்ப்பதற்கும் இருக்க வேண்டும் என்ற ஒரே நியாயத்தை மனத்துக்குச் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன்.

எல்க் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள், நம் மலைக்காடுகளின் மிளாவை இன்னும் பெருக்கி, கழுத்தில் கரும்பழுப்புப் பிடரியும் பின்புறத்தில் வெளிறிய திட்டும் வைத்துக் கற்பனை செய்துகொள்ளலாம். முதிர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். பெட்டைகூட 220 கிலோ அளவுக்கு வளரும். கொலராடோவில் இன்று 2,50,000-க்கு மேற்பட்ட எல்க்குகள் உலவுகின்றன. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஆயினும் 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், சந்தை வியாபாரத்துக்காகக் கணக்கின்றிச் சுடப்பட்டு, அந்த இனம் அங்கே அற்றுப்போகும் நிலைக்கு வந்து, பிறகு வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் மறுபடி பெருக்கினார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி விதித்து அந்தப் பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவிட வேண்டுமென்று 1937-இல் ஒரு சட்டம் வந்தது. வேட்டைக்காரன் கொடுக்கும் காசில் விலங்கு வாழ்கிறது என்பது எனக்கு முதலில் விதண்டாவாதமாகவே பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

நாங்கள் சென்ற ஸ்தலம் மீக்கர் என்னும் சிற்றூருக்குக் கிழக்கே உள்ள பிளாட் டாப்ஸ் மலைத்தொடர். அதன் நடுவிலுள்ள டிராப்பர்ஸ் ஏரிக்கரையில் விடுமுறை வீடுகளுக்கு மனை அளக்க 1919-இல் வனத்துறை அனுப்பிய ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞர், அளந்து முடித்துவிட்டு, இந்த இடத்தில் ஒன்றும் கட்டாதிருப்பதே உத்தமம் என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். அந்த யோசனையின் வழிவந்ததே 1964-ஆம் வருஷத்து வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி இத்தகைய காட்டுக்குள் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளும் தள்ளுவண்டியும்கூட நுழையக் கூடாது. குதிரையோ கோவேறு கழுதையோ இல்லாதவன், வீழ்த்தியது அத்தனையையும் தன் முதுகில்தான் வெளியே கொண்டுவர வேண்டும். சம்பந்தியின் கேள்விக்குக் காரணம் இதுவே.

முதல் நாள் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். 5,280 அடி உயரத்து டென்வரில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, அன்றே 10,000 அடிக்கு ஏறி, போன வேகத்தில் விறகு சுமக்கவும் கிளம்பினேன். மாலையில் மண்டையைப் பிளக்கும் வலி, இரவில் வாந்தி. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் இடைப்பட்ட உயரத்தில் ஓரிரு இரவு தங்கி, தண்ணீரை நிறையக் குடித்து, உடம்பைப் பழக்கிக்கொண்ட பின்பே மேலே ஏற வேண்டும். பருத்திப் பனியனையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். வேர்வையில் நனைந்த பருத்தி அந்தக் குளிரில் முதுகோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு கொடுக்கிறது.

இரண்டாம் நாள் பிழை இதைவிடப் பெரிது, ஏனெனில் அதன் பலனை மற்றவர்களும் அநுபவித்தார்கள். விடியுமுன் எழுந்து, நெஞ்சுச் சளிக்கு வழக்கம்போல் நீலகிரித் தைலத்தை நன்றாகத் தடவிக்கொண்டு, எல்லோரோடும் ஒரு புல்வெளியின் ஓரத்தில் பதுங்கியிருந்தேன். கீழே இருநூறு கஜத்தில் பத்துப் பன்னிரண்டு பெட்டைகள், மூச்சு வெண்புகையாய் எழ, உறைபனி படிந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுள் முதியதாய்த் தோன்றிய ஒன்று தலையைத் தூக்கியது. மூக்கை எங்கள் பக்கம் திருப்பியது. நாய் குரைப்பது போன்ற கூரிய ஒலி ஒன்றை எழுப்பியது. மறுகணம் புல்வெளியில் ஒன்றுமில்லை. சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்; காற்றை ஒருமுறை முகர்ந்தார்; சிரித்துவிட்டார். மருமகன் சிரிக்கவில்லை.

அன்று கற்ற பாடத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற இயலாது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று மலைச்சரிவில் தண்ணீரைப் போலக் கீழே வழிகிறது. வெயில் ஏறிச் சரிவு சூடானதும் அதே காற்று மேல்நோக்கி எழுகிறது. அந்தியில் மறுபடி இறங்குகிறது. ஆகவே விடியற்காலையில் விலங்குக்குக் கீழேயும், வெயில் ஏறிய பிற்பாடு அதற்கு மேலேயும் இருக்க வேண்டும். நாங்கள் விடியலில் மேலே இருந்தோம். தைலமோ கீழே இறங்கிப் போய் எங்கள் வரவை அறிவித்துவிட்டது. தைலம் இல்லாவிட்டாலும் மனித வாடையே போதும், தைலம் அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தியது என்று சம்பந்தி என்னைத் தேற்றினார். அவர் சட்டைப்பையில் விபூதியைப் போன்ற வெண்பொடி அடைத்த சிறு குப்பி ஒன்று எப்போதும் இருந்தது. பத்தடிக்கு ஒருமுறை அதை அழுத்தி, பொடி எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பார்த்தே அவர் அடுத்த அடி வைத்தார்.

மூன்றாம் நாள் அந்தியில், ஓர் ஆழமான ஓடைப் பிளவின் அடியில், விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே ஒரு பெட்டை தனியாக நின்றது. தூரம் அதிகமில்லை; பக்கவாட்டில் அசையாமல் நின்றது. பேத்தி துப்பாக்கியைத் தாங்குகோலில் பொருத்திக்கொண்டு தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள்; என் முகத்தையல்ல, அவர் முகத்தை. அவர் பிளவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தலையை அசைத்தார். சட்டப்படி சூரியன் மறைந்து அரைமணி வரை சுடலாம். இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்திலிருந்து இருட்டில் மாமிசத்தை மேலே ஏற்றவும் முடியாது. தோலோடு இரவு முழுவதும் விட்டுவைக்கவும் கூடாது. எல்க்கின் தோல் கம்பளிபோல் உடற்சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், வெளியே பனி பெய்தாலும் இடுப்பெலும்பை ஒட்டிய மாமிசம் கெட்டுப்போகும். பேத்தியின் கண்ணில் நீர் முட்டிற்று. கூடாரம் வரும் வரை ஒருவரும் பேசவில்லை. சுட வேண்டாம் என்று அவர் தலையசைத்த அந்தக் கணமே அந்த ஐந்து நாளின் சிகரம் என்பது என் அபிப்பிராயம்.

நான்காம் நாள் காலை, ஆஸ்பென் மரங்களுக்கு இடையே, ஏறக்குறைய சமதளமான இடத்தில், 140 கஜ தூரத்தில் ஒரு பெட்டை வந்து நின்றது. பின்னால் வேறு விலங்கு நிற்கிறதா என்று மருமகன் பார்த்துச் சொன்னார். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்பின் கீழ் மூன்றிலொரு பாகத்தில் குறி, ஒரே வெடி. அது ஐம்பதடி ஓடி விழுந்தது. உடனே ஓடாமல் அரைமணி உட்கார வைத்தார்கள். பாதி உயிரோடு கிடக்கும் பிராணியை நெருங்கித் துரத்தினால் அது மைல்கணக்கில் போய்விடுமாம். அந்த அரைமணியில் பேத்தியின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அருகே சென்றதும் அவள் செய்த முதல் காரியம், கையுறையைக் கழற்றிவிட்டு அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தது. “இன்னும் சூடா இருக்கு, தாத்தா” என்றாள், தமிழில்.

பிறகு வேலை. டேக்கில் தேதியிட்டுக் கையெழுத்திட்டு, தோலை உரித்து, வயிற்றைத் திறக்காமலே நான்கு தொடைகளையும் முதுகுச் சதையையும் பிரித்து, காற்றுப் புகும் துணிப் பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட்டார்கள். உண்ணத் தகுந்ததைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். மேல்தாடையின் இரண்டு கோரைப்பற்களை மருமகன் எடுத்துத் துடைத்துப் பேத்தியிடம் கொடுத்தார். தந்தத்தின் நிறமும் புளியங்கொட்டையின் மழமழப்பும் உள்ள அவற்றை வேட்டைக்குடும்பங்கள் தலைமுறையாகப் பாதுகாக்கின்றன. அங்கிருந்து கூடாரத்துக்கு மூன்று கிலோமீட்டர். ஒரு பின்னந்தொடை ஏறத்தாழ இருபது கிலோ. மருமகனும் சம்பந்தியும் மும்முறை நடந்தார்கள். பேத்தி ஒரு முன்னந்தொடையைத் தானே சுமப்பேன் என்று பிடிவாதம் பிடித்துச் சுமந்தாள். எனக்குக் கிடைத்தது, கடைசியில் வயிற்றைத் திறந்து எடுத்த இதயமும் ஈரலும் உள்ள பை. நாலு கிலோவுக்குச் சற்று அதிகம் இருக்கலாம். வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்தேன்.

டென்வருக்கு வந்த மறுநாள் என் மகள் அந்த இதயத்தை மெல்லியதாய் அரிந்து, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுக்காவாக வறுத்தாள். மான் இனத்தைத் தாக்கும் ஒரு மூளைநோய் அந்த மாநிலத்தில் பரவியிருப்பதால், மற்ற மாமிசத்தைப் பரிசோதனை முடிவு வரும்வரை உறைபெட்டியில் வைத்திருந்தோம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அக்டோபர் வேட்டையின் குலுக்கலுக்கு ஏப்ரல் ஆரம்பத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். துப்பாக்கி வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றே ஒரு பையில் இருபது கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, பக்கத்திலுள்ள குன்றில் ஏறத் தொடங்குங்கள்.