புளூடூத் டிராக்கரில் பேட்டரி மாற்றுவது எப்படி?

வீட்டுச் சாவி, பைக் சாவி, பர்ஸ், பயணப் பெட்டி என அடிக்கடி காணாமல் போகும் பொருட்களுடன் சிறிய புளூடூத் டிராக்கர் ஒன்றை மாட்டி வைக்கும் பழக்கம் இப்போது பலரிடம் உள்ளது. ஆப்பிளின் ஏர்டேக், சாம்சங்கின் ஸ்மார்ட்டேக், டைல், சிப்போலோ, ஜியோடேக் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. வாங்கி மாட்டிய பின்னர் பல மாதங்களுக்கு இதைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. திடீரென ஒரு நாள், பேட்டரி குறைந்துவிட்டது என்ற செய்தி போனில் வரும். "அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்று அதை ஒதுக்கி விடுகிறோம். சாவி தொலைகிற அன்றுதான், டிராக்கரும் செயல் இழந்துவிட்டது தெரிய வருகிறது.

பேட்டரி மாற்றுவது இரண்டு நிமிட வேலை. பெரும்பாலான மாடல்களுக்கு ஸ்குரூ டிரைவர் கூடத் தேவையில்லை. ஆனால், இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, சரியான பேட்டரியை வாங்குவது. மற்றொன்று, கழற்றிய பழைய பேட்டரியைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது. இரண்டாவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதுதான் மிக முக்கியமானது.

டிராக்கர் எப்படி வேலை செய்கிறது?

இந்த டிராக்கர்களுக்குள் ஜி.பி.எஸ். கிடையாது. சிறிய அளவிலான புளூடூத் சிக்னலை விட்டு விட்டு அனுப்பிக் கொண்டே இருப்பதுதான் இவற்றின் வேலை. அருகில் வரும் போன்கள் அந்த சிக்னலைப் பெற்று, தாங்கள் இருக்கும் இடத்தை நெட்வொர்க்கிற்குத் தெரிவிக்கின்றன. மிகக் குறைந்த மின்சாரமே செலவாவதால்தான், ஒரு சிறிய பட்டன் பேட்டரியில் ஓராண்டு அளவுக்கு இயங்க முடிகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டால் சிக்னல் நின்றுவிடும். அதன் பின்னர், கடைசியாக சிக்னல் கிடைத்த இடத்தை மட்டுமே உங்கள் போன் காட்டும். எனவே எச்சரிக்கை வந்தவுடன் பேட்டரியை மாற்றி விடுவது நல்லது.

எந்த பேட்டரி வாங்க வேண்டும்?

மேலே சொன்ன டிராக்கர்களில் பெரும்பாலானவை சிஆர் 2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரியைப் பயன்படுத்துகின்றன. இந்த எண்ணிலேயே அதன் அளவு உள்ளது. முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம். அதாவது 20 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கங்கள் தடிமன், அதாவது 3.2 மி.மீ. கடையில் இதே போலத் தோற்றம் தரும் சிஆர் 2025, சிஆர் 2016 ஆகியவையும் இருக்கும். இவற்றின் விட்டமும் வோல்ட்டும் ஒன்றுதான். ஆனால் தடிமன் முறையே 2.5 மி.மீ., 1.6 மி.மீ. இவற்றை டிராக்கரில் போட்டால் தளர்வாக இருக்கும். தொடர்பு சரியாகக் கிடைக்காது.

எல்ஐஆர் 2032 என்று ஒன்றும் கிடைக்கிறது. இது ரீசார்ஜ் செய்யக் கூடிய வகை. முழுமையாக சார்ஜ் ஆன நிலையில் இதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட் வரை இருக்கும். 3 வோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்ட டிராக்கரில் இதைப் போடக் கூடாது.

கசப்புப் பூச்சு உள்ள பேட்டரி

சிறு குழந்தைகள் பட்டன் பேட்டரியை வாயில் போட்டு விழுங்கி விடுவதைத் தடுக்க, சில நிறுவனங்கள் பேட்டரியின் மீது கசப்பான பூச்சு ஒன்றைத் தருகின்றன. டூராசெல் நிறுவனம் 2020 முதல் இவ்வாறு செய்து வருகிறது. நாக்கில் பட்டவுடன் குழந்தை துப்பிவிடும் என்பதே இதன் நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், இதில் ஒரு சிக்கல் உள்ளது. இந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. டிராக்கரின் உள்ளே இருக்கும் தொடர்பு முனைகள் இந்தப் பூச்சு உள்ள இடத்தில் பட்டால், புதிய பேட்டரியாக இருந்தாலும் டிராக்கர் இயங்காது. இத்தகைய பேட்டரிகள் ஏர்டேக்கில் வேலை செய்யாமல் போகலாம் என ஆப்பிள் நிறுவனமே கூறியுள்ளது.

எனவே ஏர்டேக்கிற்கு வாங்கும்போது, பாக்கெட்டில் கசப்புப் பூச்சு பற்றிய குறிப்பு உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். சிலர் ஸ்பிரிட் தொட்ட துணியால் பூச்சைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துகின்றனர். துடைத்தால் குழந்தைக்கான பாதுகாப்பும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். பூச்சு இல்லாத பேட்டரியை வாங்கினால், அந்தப் பாதுகாப்பை நாம்தான் தர வேண்டும்.

ஏர்டேக்கில் பேட்டரி மாற்றும் வழி

1. வேலையை மேஜை மீது, குழந்தைகள் அருகில் இல்லாத நேரத்தில் செய்திடுங்கள். கைகளில் ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருக்கக் கூடாது.

2. பளபளப்பான உலோகப் பக்கம் மேலே இருக்கும்படி ஏர்டேக்கைப் பிடியுங்கள். இரண்டு கட்டை விரல்களையும் அதன் மீது வைத்து நன்றாக அழுத்துங்கள்.

3. அழுத்தியபடியே கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். மூடி சுழல்வது நின்றவுடன் விரல்களை எடுத்தால் மூடி தனியே வந்துவிடும். விரல் வழுக்கினால், மெல்லிய ரப்பர் கையுறை அணிந்து முயற்சி செய்யலாம்.

4. பழைய பேட்டரியை எடுத்து, உடனே தனியே பத்திரமாக வையுங்கள். புதியதையும் பழையதையும் அருகருகே வைத்தால், எது எது என்ற குழப்பம் வரும்.

5. புதிய பேட்டரியை அதன் ஓரங்களில் பிடித்து எடுங்கள். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே, அதாவது உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். உலோக இடுக்கியால் பிடிக்க வேண்டாம். அது இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஆகி பேட்டரி வீணாகும்.

6. பேட்டரி சரியாகப் பொருந்தியவுடன் ஏர்டேக் ஓர் ஒலி எழுப்பும். இந்த ஒலி கேட்ட பின்னரே மூடியைப் போட வேண்டும்.

7. மூடியின் உள்பக்கம் உள்ள மூன்று நீட்சிகளையும், ஏர்டேக்கில் உள்ள மூன்று பள்ளங்களில் பொருத்துங்கள். அழுத்தியபடியே கடிகார முள் திசையில், நிற்கும் வரை திருப்புங்கள்.

பேட்டரியை எடுத்துவிட்டால் போனுடன் மீண்டும் இணைக்க வேண்டுமோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. தேவையில்லை. ஏர்டேக் உங்கள் ஆப்பிள் கணக்குடன் இணைந்தே இருக்கும். ஐபோனில் ஃபைண்ட் மை அப்ளிகேஷனைத் திறந்து, ஐட்டம்ஸ் பிரிவில் அதைத் தேர்ந்தெடுத்து, ஒலி எழுப்பச் செய்து சோதித்துப் பாருங்கள்.

மற்ற டிராக்கர்கள்

சிப்போலோ ஒன் மாடலில், இரண்டு ஓடுகளும் சேரும் இடத்தில் நாணயத்தின் ஓரத்தை வைத்து மெதுவாகத் திருகினால் திறந்துவிடும். 2021ல் வந்த சாம்சங் ஸ்மார்ட்டேக்கையும் ஓரத்தில் நெம்பித்தான் திறக்க வேண்டும். கத்தியைப் பயன்படுத்த வேண்டாம். ஓடும் கெடும், விரலும் வெட்டுப்படும். 2023ல் வெளியான ஜியோடேக்கின் பெட்டியிலேயே கூடுதலாக ஒரு பேட்டரி தரப்பட்டது. வாங்கியவர்கள் பெட்டியைத் தேடிப் பார்க்கலாம்.

டைல் வகையில் மாடலைப் பார்ப்பது அவசியம். டைல் புரோவில் சிஆர் 2032 பேட்டரியை மாற்றலாம். 2018ல் வந்த டைல் மேட் மாடலில் சற்றுச் சிறிய சிஆர் 1632 பேட்டரி. 2022 மாடல் டைல் மேட், மற்றும் பர்ஸில் வைக்கும் மெல்லிய டைல் ஸ்லிம் ஆகியவற்றில் பேட்டரி உள்ளேயே மூடப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. இவற்றை நெம்பித் திறக்க முயன்றால் உடையும்.

மாற்றிய பின்னும் வேலை செய்யவில்லையா?

முதலில் பேட்டரி தலைகீழாக உள்ளதா எனப் பாருங்கள். பின் எண்ணைச் சரி பாருங்கள். 2032க்குப் பதிலாக 2025 வந்திருக்கலாம். பேட்டரியின் மீது ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை எடுக்க மறந்திருக்கலாம். மூன்றுமே சரி எனில், பூச்சு இல்லாத வேறு நிறுவனப் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மல்ட்டி மீட்டர் இருந்தால் புதிய பேட்டரியைச் சோதிக்கலாம். 3 வோல்ட் அல்லது அதற்குச் சற்று அதிகமாகக் காட்ட வேண்டும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

இந்தப் பகுதியைத் தயவு செய்து தவிர்க்க வேண்டாம். டிராக்கருக்குப் போதாது என்று நாம் கழற்றும் பேட்டரியில் மின்சாரம் முழுவதும் தீர்ந்து விடுவதில்லை. சுமார் 2 வோல்ட்டோ அதற்கு மேலோ மீதம் இருக்கும். 20 மி.மீ. அகலம் உள்ள இந்தப் பேட்டரி சிறு குழந்தையின் உணவுக் குழாயில் எளிதாகச் சிக்கிக் கொள்ளும். அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, பேட்டரியைச் சுற்றிக் கடுமையான காரப்பொருள் உருவாகிறது. இரண்டே மணி நேரத்தில் அது உணவுக் குழாயை மோசமாகப் புண்ணாக்கி விடும். பேட்டரி உடையவோ கசியவோ வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை, பட்டன் பேட்டரியை விழுங்கியதால் 2020 டிசம்பரில் உயிரிழந்தது. பட்டன் பேட்டரி உள்ள பொருட்களின் மூடியைக் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்று, 2022ல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கு சட்டம் கொண்டு வரப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஆபீஸ்வொர்க்ஸ் என்ற கடை நிறுவனம், குழந்தைகளின் பாதுகாப்பு குறித்த கேள்விகள் எழுந்ததால், 2021ல் ஏர்டேக் விற்பனையைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது.

எனவே, கழற்றிய உடனே பேட்டரியின் இரண்டு பக்கங்களிலும் செல்லோ டேப் ஒட்டுங்கள். மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரமான இடத்தில் வைத்து, பின்னர் மின் கழிவுகளைப் பெறும் இடத்தில் கொடுத்து விடுங்கள். டி.வி. மீதோ மேஜை டிராயரிலோ போட்டு வைக்க வேண்டாம். மீதமுள்ள புதிய பேட்டரிகளுக்கும் இது பொருந்தும்.

குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே, அறிகுறிக்காகக் காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பேட்டரியின் எண்ணை டாக்டரிடம் சொல்லுங்கள்; காலி பாக்கெட் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

புதிய பேட்டரி போட்ட தேதியை போன் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு எச்சரிக்கைச் செய்தி வரும் முன்னரே நினைவுக்கு வரும். பழைய பேட்டரி டேப் ஒட்டி டப்பாவுக்குள் சென்ற பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.