நெற்பயிரும் ஜலத்தின் உஷ்ணமும்

நவரைப் பட்டத்தில் கதிர் நன்றாய் வெளிவந்தும் மணி பிடியாமல் பதராய்ப் போன வயலைக் கண்டால், விதையைப் பழிப்பது வழக்கம். கிராம அதிகாரிகளிடமும் அக்காரணமே சொல்லப்படுகிறது. செங்கற்பட்டு ஜில்லா விவசாயிகள் விதையைச் சந்தேகிக்குமுன் விதைத்த தேதியை நினைத்துப் பார்ப்பது நலம்.

நெல்லின் இலைகள் எவ்வளவு உயர்ந்தபோதிலும், குருத்து உற்பத்தியாகும் முனையானது கதிர்க்கரு தோன்றும் வரையில் தூரின் அடியில், சேற்றை ஒட்டி, ஜலத்துள் மறைந்தே இருக்கிறது. ஆகையால் 110 நாள் ரகத்தில் விதைத்தது முதல் சுமார் 50 நாள் வரை, இலை விடுவதும் தூர் கட்டுவதும் காற்றைவிட ஜலத்தின் உஷ்ணத்தையே பெரிதும் அனுசரித்தவை. பின்னர் தண்டு நீண்டு கதிர் ஜலத்துக்கு மேல் எழும்போது, காற்றின் உஷ்ணமே முக்கியமாகிறது.

மார்கழி விடியலில் நாற்றங்காலில் தேங்கிய ஜலம் சில்லிட்டிருக்க, கிணற்றில் புதிதாய் இறைத்த ஜலம் வெதுவெதுப்பாயிருப்பது யாவரும் அறிந்ததே. நாற்று வளராமல் மஞ்சளித்து நின்றால் உடனே உரத்தைத் தேடுவோர் பலர். காலையில் குளிர்ந்த ஜலத்தை வடித்துவிட்டுக் கிணற்று ஜலம் பாய்ச்சிப் பார்ப்பது அதனினும் செலவு குறைந்த வழியாகும்.

ஜப்பானின் வடபகுதியில் தொண்டைக்கதிர் சமயத்துக் குளிரே பெரும் சத்துரு. 1993-ம் வருஷத்துக் குளிர்ந்த கோடையில் அத்தேசத்து நெல் மகசூல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே அச்சமயத்தில் ஜலத்தை ஆழமாய் நிறுத்தி, இளங்கதிரை அதனுள் காக்கிறார்கள்.

நமக்கோ அபாயம் வெப்பத்தினால். நெற்பூ பெரும்பாலும் காலை 9 மணிக்கு மேல் நண்பகலுக்குள் மலர்ந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அவ்வேளையில் வெப்பம் 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நின்றால், மகரந்தப்பை சரிவர வெடியாது. அன்று கருக்கொள்ளாத பூ மறுநாள் கருக்கொள்வதில்லை, அது பதரே.

மேற்சொன்ன 110 நாள் ரகம் விதைத்த சுமார் 80-ம் நாளில் பூக்கும். மார்கழி நடுவில் விதைத்தது பங்குனித் தொடக்கத்தில் பூத்துவிடும். தைக் கடைசியில் விதைத்ததோ சித்திரைப் பிற்பாதியில், கத்திரி வெயிலுக்கு முகங்கொடுத்துப் பூக்கும். பட்டம் தவறியவர்கள் வயதில் குறைந்த ரகத்தையே விதைக்க வேண்டும். பூக்கும் நாட்களில் வயல் காய விடலாகாது. இலைகள் ஜலத்தை ஆவியாக விடும்வரை பயிரின் உள்ளே சற்றுக் குளிர்ச்சியிருக்கும். நிலம் வெடித்தால் அதுவும் போய்விடும்.