தொலைபேசிக் கம்பியும் மொடெமும் – ஓர் அறிமுகப் பாடம்

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் விரலை வைத்தவுடன் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமாவின் முகம் திரையில் தெரிகின்றது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. கணனி வைத்திருந்த ஒரு சில வீடுகளிலே, தொலைபேசிக் கம்பிக்கும் கணனிக்கும் நடுவில் ஒரு சிறிய பெட்டி இருந்தது. அது கீச்சிட்டு, இரைந்து ஓய்ந்த பின்னரே மின்னஞ்சல் வந்து சேரும். அந்தப் பெட்டிதான் மொடெம்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம்கூடத் தனது டயல்-அப் சேவையை 2025 செப்டெம்பர் 30 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. ஆயினும் அந்தப் பெட்டி எவ்வாறு வேலை செய்தது என்பதை அறிந்தால், இன்று நம் வீடுகளில் உள்ள இணையக் கருவிகளையும் விளங்கிக்கொள்ளலாம். அதன் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

மொடெம் ஏன் தேவைப்பட்டது?

தொலைபேசிக் கம்பி மனிதரின் குரலுக்காகவே அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸ் முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளை மாத்திரமே அந்த இணைப்பு கொண்டு செல்லும். கணனியோ 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களில் மட்டும் பேசுவது. அந்த இலக்கங்களை அப்படியே தொலைபேசி இணைப்பில் அனுப்ப முடியாது. எனவே இலக்கங்களை ஒலியாக மாற்றி அனுப்பவும், மறுமுனையில் அந்த ஒலியை மீண்டும் இலக்கங்களாக மாற்றவும் ஒரு கருவி வேண்டியிருந்தது. முதலாவது வேலையைப் பண்பேற்றம் என்றும் இரண்டாவதைப் பண்பிறக்கம் என்றும் சொல்வர். இவ்விரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களின் முற்பகுதிகள் சேர்ந்தே மொடெம் என்ற பெயர் உண்டாயிற்று.

ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்காவில் 1962 இல் வெளிவந்த பெல் 103 என்னும் மொடெமில், அழைப்பவரின் கருவி 1 ஐ அனுப்ப 1,270 ஹேர்ட்ஸ் ஒலியையும் 0 ஐ அனுப்ப 1,070 ஹேர்ட்ஸ் ஒலியையும் எழுப்பும். பதிலளிக்கும் கருவி 2,225, 2,025 ஆகிய ஒலிகளைப் பயன்படுத்தும். இரு பக்கத்துக்கும் வெவ்வேறு சுருதி இருந்தமையால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசினாலும் குழப்பம் ஏற்படவில்லை. அதன் வேகம் செக்கனுக்கு 300 பிற்றுக்கள், அதாவது சுமார் 30 எழுத்துக்கள்.

வேகம் வளர்ந்த விதம்

1991 இல் 14,400 பிற்று வேகமும், 1994 இல் 28,800 பிற்று வேகமும், 1998 இல் வி.90 என்னும் நியமத்தின் மூலம் 56,000 பிற்று வேகமும் வந்தன. அதற்கு மேல் ஏன் போகவில்லை என்று சிலர் கேட்பர். இலக்கமுறைத் தொலைபேசி நிலையம் நமது குரலைச் செக்கனுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிற்றுக்களால் குறிக்கின்றது. அவற்றில் 7 பிற்றுக்களையே நம்பிப் பயன்படுத்தலாம் என்று கொண்டால், 8,000 ஐ 7 ஆல் பெருக்க 56,000 கிடைக்கும். அதுவும் நம்மை நோக்கி வரும் தகவலுக்கு மட்டுமே. நாம் அனுப்பும் வேகம் வி.90 இல் 33,600 தான்.

ஒரு மெகாபைற்று அளவுள்ள ஒளிப்படத்தைப் பெற, முழு வேகத்திலேயே இரண்டரை நிமிடங்கள் எடுக்கும். அதனை அனுப்ப நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும். பழைய கம்பிகளில் முழு வேகம் கிடைப்பதும் அரிது.

அந்தச் சத்தத்தின் பொருள்

இணைப்புக் கிடைக்கும்போது எழுந்த இரைச்சல் வீண் சத்தம் அன்று. முதலில் இலக்கங்களை அழுத்தும் ஒலி. அடுத்து மறுமுனை மொடெம் தரும் 2,100 ஹேர்ட்ஸ் பதில் ஒலி. பின்னர் இரு கருவிகளும் தமக்குத் தெரிந்த முறைகளை ஒன்றுக்கொன்று கூறி, கம்பியின் தரத்தைச் சோதித்து, இருவராலும் இயலக்கூடிய வேகத்தைத் தீர்மானிக்கும். வேகமான மொடெம் தன் வேகத்தை விட்டுக்கொடுத்து மெதுவானதற்கு இணங்கிப் போகும். உடன்பாடு ஏற்பட்ட பின்னரே பேச்சுத் தொடங்கும். இடையில் கம்பி கெட்டுப்போனால் இரண்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடரும்.

மூன்று பணிகள்

தரவு: மின்னஞ்சல், இணையம் ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. 1981 இல் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட மொடெமில், ஏ, ரீ என்னும் இரு ஆங்கில எழுத்துக்களில் தொடங்கும் கட்டளைகள் அமைந்திருந்தன. பின்னர் ஏனைய நிறுவனங்களும் அவற்றையே பின்பற்றின.

தொலைநகல்: கணனியில் தட்டச்சு செய்த கடிதத்தைத் தாளில் அச்சிடாமலே மறுமுனையிலுள்ள தொலைநகல் இயந்திரத்துக்கு அனுப்பலாம். ஆனால் கையில் உள்ள தாளை அனுப்புவதாயின் அதனைப் படமாக்கும் ஸ்கானரும் வேண்டும். தொலைநகல் வந்து சேர வேண்டுமாயின் பெரும்பாலான மொடெம்களுக்குக் கணனி இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதனை அறியாமல் ஏமாந்தோர் பலர்.

குரல்: வீட்டில் ஆள் இல்லாதபோது, பதிவு செய்த வரவேற்பை ஒலிக்கச் செய்து, அழைத்தவரின் செய்தியைப் பதிந்து வைக்கும். அழைத்தது தொலைநகல் இயந்திரமாயின் மூன்று செக்கன் இடைவெளி விட்டு 1,100 ஹேர்ட்ஸ் ஒலி கேட்கும். அதனைக் கொண்டு, வந்தது மனிதரா தொலைநகலா என மொடெம் பிரித்தறிந்தது.

பொருத்தும் முறை

1. மொடெமில் இரண்டு குதைகள் உண்டு. சுவரிலிருந்து வரும் கம்பி "லைன்" என்ற குதைக்கும், தொலைபேசி "போன்" என்ற குதைக்கும் செல்ல வேண்டும். மாற்றிச் செருகுவதே புதியவர்கள் செய்யும் முதற்பிழை.

2. வெளி மொடெமாயின் கணனியின் தொடர் வாயிலுடன் இணைத்து மின் வழங்க வேண்டும். உள் மொடெம் கணனிக்குள்ளேயே பலகையாகச் செருகப்படும்.

3. விண்டோஸ் 98 இல் கட்டுப்பாட்டுப் பலகத்தில் "மொடெம்ஸ்" என்பதைத் திறந்து, உரிய மென்பொருளை நிறுவி, சோதனைப் பகுதியில் மொடெம் பதில் தருகின்றதா எனப் பார்க்க வேண்டும்.

4. "டயல்-அப் நெற்வேர்க்கிங்" பகுதியில் புதிய இணைப்பை உருவாக்கி, சேவை நிலையத்தின் தொலைபேசி இலக்கம், பயனர் பெயர், கடவுச்சொல் என்பவற்றை இட வேண்டும்.

5. டயல் ஒலி இல்லை என்று பிழை காட்டினால், முதலில் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒலி இருந்தும் மொடெம் அதனை இனங்காணாவிடின், டயல் ஒலிக்குக் காத்திராமல் அழைக்கும்படி அமைக்கலாம்.

6. அழைப்புக் காத்திருப்பு வசதி இருந்தால் அதனை நிறுத்திவைக்க வேண்டும். இடையில் வரும் அந்தச் சிறு ஒலி இணைப்பை அறுத்துவிடும்.

ஒரு கசப்பான பாடம்

2003 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். யாழ்ப்பாண நகரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் உள் மொடெம் பொருத்திய கணனி ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்த அக்காவின் விண்ணப்பத்துக்குச் சில பத்திரங்களை மறுநாளுக்குள் தொலைநகலில் அனுப்ப வேண்டும். அவற்றைப் படமாக்கி ஆயத்தமாக வைத்திருந்தேன். மாலையில் இடி முழக்கம் கேட்டதும் மின்செருகியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். தொலைபேசிக் கம்பியைக் கழற்றவில்லை. மின்னல் அவ்வழியே வந்து மொடெமையும் தாய்ப்பலகையையும் சேர்த்து எரித்துவிட்டது. அன்றிரவு அக்கா எடுத்த அழைப்பும் வந்து சேரவில்லை, தொலைபேசியும் ஊமையாகிவிட்டது. விடிந்ததும் மழையில் சைக்கிளில் சென்று, கடை ஒன்றில் காசு கொடுத்துப் பத்திரங்களை அனுப்பினேன். உரிய நேரத்துக்குள் கிடைத்தமை எங்கள் நல்லகாலம். தவறு முழுவதும் என்னுடையதே. வெளி மொடெமாக இருந்திருந்தால் கணனியாவது தப்பியிருக்கக்கூடும்.

இன்றைக்குப் பயன்

இன்றும் ஏ.டி.எஸ்.எல். இணைப்புள்ள வீடுகளில் அதே செப்புக் கம்பிதான் வருகின்றது. குரலுக்கு மேலான அதிர்வெண்களில் தரவு செல்வதால் பேச்சும் இணையமும் ஒருங்கே நடக்கின்றன. தொலைபேசியுடன் ஒரு சிறிய வடிகட்டியை இணைப்பது அவ்விரண்டையும் பிரித்து வைப்பதற்கே. ஒளியிழை வந்த வீடுகளில் ஒலிக்குப் பதிலாக ஒளி செல்கின்றது. ஆனால் இரு முனைகளும் முதலில் ஒன்றையொன்று அறிந்து இணங்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

ஆகவே மழைகாலத்தில் இடி தொடங்குமுன் மின்செருகியையும் செப்புக் கம்பியையும் இரண்டையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பின்னர் அவற்றைத் தொடாதீர்கள். அலுமாரியில் பழைய மொடெம் கிடந்தால், எறிய முன்னர் ஒரு தடவை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உறவுகளின் கடிதமும் படமும் குரலும் ஒரு காலத்தில் இந்தச் சிறிய பெட்டியினூடாக, ஒலியாக மாறியே வந்து சேர்ந்தன என்று சொல்லிக் கொடுங்கள்.