போட்டியில் அநியாயம் நடந்தால் என்ன செய்வது?
ஒரு போர்வை சொல்லித் தரும் பாடம்



மகளிர் தின விழா, கண்காட்சி, கூட்டமைப்பின் ஆண்டு விழா என்று எங்கே போனாலும் ஒரு போட்டி இருக்கிறது. கோலம், சமையல், கூடை பின்னல், எம்பிராய்டரி, தையல் என்று நாமும் ஆசையாகக் கலந்துகொள்கிறோம். பரிசு அறிவித்த பிறகு ஊர் திரும்பும் வண்டியில் என்ன பேச்சு நடக்கிறது? "வேண்டியவங்களுக்குக் குடுத்துட்டாங்க." "அது அவங்க செஞ்சதே இல்ல, கடையில வாங்குனது." "இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாது." இறங்கியதும் பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் யாரும் கேட்பதில்லை.

அநியாயத்தை எப்படிக் கண்டுகொள்வது, யாரிடம் எப்படிக் கேட்பது, நாமே போட்டி நடத்தும்போது அது வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இந்த மாதப் பாடம். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு போர்வைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஊர் தூரமாக இருந்தாலும், அங்கே ஏமாந்தவர்களும் கைவேலையை நம்பிப் பிழைத்த பெண்கள்தான்.

குவில்ட் என்றால் என்ன?

நம் வீடுகளில் பழைய சேலைகளை மடித்து, அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பு தைப்போம் அல்லவா? அமெரிக்கப் பெண்களின் குவிட்டும் அதற்கு உறவுதான். மேலே வண்ணத் துண்டுத் துணிகளை நட்சத்திரம், பூ, சதுரம் என்று வெட்டி இணைத்த ஒரு பரப்பு. நடுவில் பஞ்சு. கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து நெருக்கமாகத் தையல் போட வேண்டும். ஒரு பெரிய போர்வையைக் கையால் தைக்க மாதக் கணக்கில் ஆகும். அங்கே இதற்கென்றே போட்டிகள் நடக்கின்றன.

1933ல் நடந்தது

1933ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டி சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனம் நாடு முழுவதற்கும் ஒரு குவில்ட் போட்டி வைத்தது. முதல் பரிசு 1,000 டாலர். அது ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். அப்போது அமெரிக்காவில் கடும் பொருளாதார வீழ்ச்சி. நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. பணத்துக்குத் தவித்த குடும்பங்களில் பெண்கள் இரவும் பகலும் தைத்தார்கள். சுமார் 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. பல கட்டமாகத் தேர்வு செய்து, கடைசியில் 30 போர்வைகள் சிகாகோவுக்குப் போயின.

கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் என்ற பெண்மணிக்கு முதல் பரிசு கிடைத்தது. நட்சத்திர வடிவப் போர்வை. பார்த்தவர்கள் அதன் தையலைக் கண்டு வியந்தார்கள். ஆனால் அதில் ஒரு தையல் கூட அவர் போட்டதில்லை! கூலிக்கு ஆள் வைத்து, கைத்திறமை மிக்க சில பெண்களைக் கொண்டு தைக்க வைத்திருந்தார். போட்டியின் விதியோ, போர்வையை அனுப்புகிறவரே அதைச் செய்திருக்க வேண்டும் என்றது. பரிசு, பேர், புகழ் எல்லாம் ஒருவருக்கே போனது. தைத்தவர்களுக்குப் பேசிய கூலி மட்டும்தான். பரிசுப் பணத்தில் பங்கு இல்லை.

தைத்த பெண்களுக்கு உண்மை தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கஷ்ட காலத்தில் தையல் வேலை தருகிறவரைப் பகைத்துக்கொண்டால் கிடைக்கிற கூலியும் போய்விடும். அதனால் வாய் திறக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு பார்பரா பிராக்மன், மெரிகே வால்ட்வோகல் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் இந்தப் போட்டியைப் பற்றித் தேடித் திரட்டி 1993ல் புத்தகமாக வெளியிட்டார்கள். போட்டி முடிந்து 60 வருடம்!

பரிசு பெற்ற போர்வை அப்போதைய அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. அது இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு மனக்கசப்பும் உண்டு. கண்காட்சியின் கருப்பொருள் "நூற்றாண்டு முன்னேற்றம்". அந்தக் கருத்தில் புதிதாக வடிவமைத்த போர்வை முதல் பரிசு பெற்றால் கூடுதலாக 200 டாலர் என்று அறிவித்திருந்தார்கள். அதை நம்பிப் பல பெண்கள் புதுப் புது வடிவங்களை யோசித்து உழைத்தார்கள். முதல் பரிசோ பழைய பாணி நட்சத்திரத்துக்குப் போனது. அறிவிப்பு ஒரு பக்கம் இழுத்தது, நடுவர்களின் ரசனை வேறு பக்கம் போனது.

விதியில் ஓட்டை இருந்தால்

எல்லா மனக்கசப்பும் ஏமாற்று வேலையால் வருவதில்லை. அதே கென்டக்கி மாநிலத்தில் படூகா என்ற ஊரில் 1985 முதல் பெரிய குவில்ட் கண்காட்சி நடந்து வருகிறது. 1989ல் அங்கே தையல் எந்திரத்தில் குவில்ட் செய்த ஒரு போர்வைக்கு முதல் முறையாக முதலிடம் கிடைத்தது. கையால் தைக்கிறவர்கள் கொதித்தார்கள். "நாங்கள் மாதக் கணக்கில் ஊசி பிடிக்கிறோம், எந்திரத்தோடு எப்படிப் போட்டி போடுவது?" என்பது அவர்கள் கேள்வி. ஜெயித்தவர் எந்த விதியையும் மீறவில்லை. எந்திரத்தில் செய்ததை அவர் மறைக்கவும் இல்லை. இன்று அந்தக் கண்காட்சியில் கைவேலைக்குத் தனிப் பரிசும், எந்திர வேலைக்குத் தனிப் பரிசும் இருக்கின்றன. போர்வையைத் தைத்தவர்களின் பெயர் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் பயந்து வாயை மூடினார்கள், அநியாயம் அப்படியே நின்றது. மற்றதில் மனக்குறையைப் பேசினார்கள். ஜெயித்தவரைக் குற்றவாளி ஆக்காமலேயே, இரண்டு வேலைக்கும் மதிப்பு தருகிற விதி இன்று இருக்கிறது.

தோல்வி வேறு, அநியாயம் வேறு

புகார் சொல்வதற்கு முன்னால் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. போர்வைப் போட்டி நடுவர்கள் என்னென்ன பார்ப்பார்கள் தெரியுமா?

* துண்டுகளின் முனைகள் சரியாகச் சந்திக்கின்றனவா?
* தையல் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா?
* விரித்தால் சுருக்கமோ அலையோ இல்லாமல் தட்டையாகக் கிடக்கிறதா?
* ஓரப் பட்டை நேராக இருக்கிறதா, மூலைகள் சதுரமாக நிற்கின்றனவா?
* பென்சில் கோடு, கறை, வாடை, தொங்கும் நூல் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா?

நம் பொருளை ஜெயித்த பொருளுக்குப் பக்கத்தில் வைத்து இப்படிப் பார்த்தால் பல நேரம் நமக்கே புரிந்துவிடும். அடுத்த முறைக்கு எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரியும். இது தோல்வி. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அநியாயம் என்பது வேறு. விதியில் ஒன்று எழுதியிருக்க, நடந்தது வேறாக இருந்தால் அது அநியாயம். கடைசி நேரத்தில் விதியை மாற்றுவது, நேரம் முடிந்த பிறகு சிலருடைய பொருளை மட்டும் வாங்கிக்கொள்வது, நடுவரே போட்டியாளரின் உறவினராக இருப்பது, கடையில் வாங்கியதையோ பிறர் செய்ததையோ தன் பெயரில் வைப்பது, கொடுத்த பொருளைத் தொலைப்பது அல்லது கெடுப்பது எல்லாம் இதில் சேரும்.

நாம் செய்ய வேண்டியது

போட்டிக்கு முன்:

1. விதிமுறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "வாய்ல சொன்னாங்க" என்பது பிறகு எடுபடாது. குழுவில் ஒருவர் சத்தமாகப் படிக்க, எல்லோரும் கேளுங்கள்.
2. எதற்கு எத்தனை மதிப்பெண், நடுவர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேளுங்கள்.
3. பொருளைச் செய்யும்போதே இரண்டு மூன்று முறை போட்டோ எடுத்து வையுங்கள். செய்தவர் யார் என்பதற்கு அதுவே சாட்சி.
4. பொருளின் பின்பக்கத்தில் குழுவின் பெயரும் செய்தவர்கள் பெயரும் இருக்கட்டும். நடுவர் பார்க்கும்போது அதைத் துணியால் மூடிவிடலாம்.

போட்டி நாளில்:

5. பொருளை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரசீது புத்தகம் இல்லை என்றால் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். பரிசு பெற்ற போர்வையே காணாமல் போன கதையைப் பார்த்தோம் அல்லவா?

முடிவுக்குப் பின்:

6. மேடையில் சண்டை வேண்டாம். ஜெயித்த பெண்ணைத் திட்டவே வேண்டாம். அவருக்கும் விஷயம் தெரியாமல் இருக்கலாம்.
7. அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, ஒரு வாரத்துக்குள் மனு கொடுங்கள். நாள் ஆக ஆக வலு குறையும்.
8. மனுவில் கோபம் வேண்டாம். விதியும் நடந்ததும் மட்டும் போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா / அம்மா, ..... தேதி நடந்த கைத்தையல் போட்டியில் எங்கள் குழு 14ஆம் எண்ணில் கலந்துகொண்டது. விதி 3ன்படி கடையில் வாங்கிய பொருளுக்கு இடமில்லை. முதல் பரிசு பெற்ற பொருள் இந்த விதிக்கு உட்பட்டதா என்று சரிபார்க்கும்படியும், எங்கள் பொருளுக்குக் கிடைத்த மதிப்பெண்ணைத் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்."

ஒருவர் கையெழுத்துப் போட்டால் "பொறாமையில பேசுது" என்பார்கள். குழுவே கையெழுத்துப் போட்டால் அப்படித் தள்ளிவிட முடியாது. நகல் ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

9. போட்டியை நடத்தியது அரசு அலுவலகமாக இருந்து பதிலும் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் விதிமுறை நகலையும் நம் மதிப்பெண் விவரத்தையும் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நாமே போட்டி நடத்தினால்

கூட்டமைப்பில் போட்டி வைக்கும்போது நாம்தான் நடத்துகிற இடத்தில் இருக்கிறோம். அப்போது நம்மைப் பார்த்து யாரும் விரல் நீட்டக் கூடாது. பொருளின் மேல் பெயர் வேண்டாம், எண் மட்டும் இருக்கட்டும். நடுவர்கள் மூன்று பேராவது வேண்டும், வெளியூர்க்காரர்களாக இருந்தால் நல்லது. உறவினர் போட்டியில் இருந்தால் அந்த நடுவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். புதிதாகக் கற்றவர்களுக்கும் தொழிலாகச் செய்கிறவர்களுக்கும் தனித்தனிப் பிரிவு. கைவேலைக்கும் எந்திர வேலைக்கும் தனித்தனிப் பரிசு. தோற்றவர்களுக்கும் "இது நன்றாக இருக்கிறது, இதைத் திருத்துங்கள்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் மனம் ஆறும், வேலையும் வளரும்.

நம் குழுவுக்குள்ளே

கடைசியாக ஒன்றை ஒளிக்காமல் பேசுவோம். கென்டக்கியில் அந்தப் பெண்களின் உழைப்பைத் தன் பேரில் வைத்ததும் ஒரு பெண்தான். நம் குழுக்களிலும் எட்டுப் பேர் ராத்திரி கண்விழித்துத் தைக்கிறோம். மேடையில் ஏறுவது யார்? போட்டோவில் நிற்பது யார்? பரிசுப் பணம் எந்தக் கணக்கில் சேருகிறது? ஊக்குநரோ பிரதிநிதியோ நல்லவராக இருந்தாலும் இதை முதலிலேயே பேசி எழுதிவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது. "நமக்கெதுக்கு வம்பு, அடுத்த லோன் கிடைக்காமப் போயிரும்" என்று ஒரு உறுப்பினர் நம் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டால், 1933ல் நடந்தது இங்கேயும் நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

போட்டிக்குப் பொருள் அனுப்பும் முன் தீர்மான நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: செய்தவர்கள் யார் யார், பரிசு வந்தால் எப்படிப் பிரிப்பது, மேடைக்குப் போகிறவர் யார். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. கடைசியாக நாம் கலந்துகொண்ட போட்டியின் விதிமுறை எழுத்தில் நம்மிடம் இருக்கிறதா?
2. அதில் நமக்கு நடந்தது தோல்வியா, அநியாயமா? எந்த விதியை வைத்துச் சொல்கிறோம்?
3. தைத்த பெண்கள் எல்லோரும் ஒரே குழுவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?
4. நம் குழுவில் யாருடைய வேலைக்கு இதுவரை பெயர் சொல்லப்படவில்லை?

நான்காவது கேள்வியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். பதில் வரும் வரை கொஞ்சம் காத்திருங்கள்.