வீட்டில் சண்டை மீன் வளர்த்தல்

தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட சண்டை மீனைத் தோட்ட லயங்களிலும் வளர்க்கலாம். இது நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும். ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறுமாதலால், ஒரு பாத்திரத்தில் ஓர் ஆணையே விடுதல் வேண்டும்.

இனப்பெருக்கம்:

1. பீலி நீர் குளிர்ந்தது. அதனை ஒரு நாள் வீட்டினுள் வைத்தபின், தொட்டியில் ஐந்தங்குல ஆழத்துக்கு ஊற்றுக. 26 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது.

2. காய்ந்த வாழையிலைத் துண்டொன்றை மிதக்க விடுக. அதனடியில் ஆண் மீன் நுரைக்கூடு கட்டும். அதுவரை பெண் மீனைக் கண்ணாடிக் குவளைக்குள் பிரித்து வைக்குக.

3. முட்டையிட்டவுடன் பெண்ணை அகற்றுக. தாமதித்தால் ஆண் அதனைக் கொன்றுவிடக்கூடும். முட்டைகளை ஆணே காக்கும். ஏறக்குறைய இரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் அகற்றுக.

4. குஞ்சுகளுக்கு முதலில் வாழைப்பழத்தோல் ஊறிய நீரில் உண்டாகும் நுண்ணுயிர்களை இடுக. வளர்ந்த மீனுக்கு நுளம்புக் குடம்பி நல்லுணவு. உண்ணுமளவே இடுக, எஞ்சியவை நுளம்புகளாகி டெங்குக் காய்ச்சலைப் பரப்பக்கூடும்.

எச்சரிக்கை: மிகுந்த குஞ்சுகளை ஓடையில் விடாதீர்கள். சப்பிரகமுவ ஓடைகளில் இலங்கைக்கே உரிய சீப்புவால் மீன் வாழ்கின்றது. அந்நிய மீனால் நோயும் உணவுப் போட்டியும் அதற்கு நேரலாம். உங்களால் பேண இயலுமளவே பெருக்குங்கள்.