காசில்லாத வேலைக்கு எதற்கு இந்தப் பாடு?

கேள்வி: என் கணவருக்கு ஏலத்தோட்டத்தில் வேலை. பொழுது சாய்ந்தால் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித்தரப் போய்விடுகிறார். காசும் இல்லை, பேரும் இல்லை. பிறகு எதற்காக?
– ஒரு வாசகி, போடிமெட்டு

பதில்: தனக்குக் கிடைக்காதது அடுத்த பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்ற தவிப்புதான் பலருக்கும் காரணம், சகோதரி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெரிய அநியாயம் அது. நொறுங்கிப்போன அவர், பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். இடையில் சூளை வேலைக்கே திரும்ப நேர்ந்தும் பயிற்சியாளர் ஆகியே தீர்ந்தார்.

சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிய நடராஜனை ஜெயப்பிரகாஷ் என்பவர் அடையாளம் கண்டு கைதூக்கிவிட்டார். 2020-ல் இந்திய அணிக்குப் போன நடராஜன், 2023-ல் அதே ஊரில் கிரிக்கெட் மைதானம் திறந்தார். பெற்றவர் திருப்பித் தருவதும் உண்டு.

உங்கள் கணவர் செய்வதும் எளிதல்ல. உங்கள் மலையில் சமதளமே அரிது. பந்து தவறினால் சரிவில் உருண்டு ஏலச்செடிக்குள் போய்விடும். ஒருவன் எடுத்து வருவதற்குள் இன்னொருவனுக்கு முழங்காலை மடக்கி, கைகளைச் சேர்த்துப் பந்தை வாங்கக் காட்டிக்கொடுக்க வேண்டும். இதற்குப் பொறுமை மட்டுமல்ல, பிரியமும் வேண்டும்.

ஆனாலும் வாரத்தில் ஒரு மாலையை வீட்டுக்கு ஒதுக்க அவரிடம் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பெண்பிள்ளைகளையும் ஆட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.