தம்புராவைப் பெட்டிக்குள் வைத்த பொறியாளர்



மாரியம்மன் நோம்பியில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி நிற்காமல் ஒரே சத்தம் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் சுருதிப் பெட்டி. பாட்டுக் கச்சேரி மேடையில் வைக்கும் பெட்டியில் தம்புரா சத்தமே வரும். அதை எலெக்ட்ரானிக் தம்புரா என்பார்கள். அதைச் செய்தவரைப் பற்றியும் அதற்குள் இருக்கும் அறிவியலைப் பற்றியும் எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜி. ராஜ் நாராயண். விமானம் செய்யும் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். அவர் ஒரு புல்லாங்குழல் கலைஞரும்கூட. 1979-ஆம் ஆண்டு எலெக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். பெங்களூரில் ராடெல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு எலெக்ட்ரானிக் தபேலா, எலெக்ட்ரானிக் வீணை எல்லாம் அங்கிருந்து வந்தன.

தம்புராவில் பாட்டு வாசிக்க மாட்டார்கள். பாடுகிறவர் சுருதி விலகாமல் இருக்க, பின்னால் ஒருவர் உட்கார்ந்து 4 கம்பிகளையும் மாற்றி மாற்றி மீட்டுவார். ப, ச, ச, கீழ் ச என்பது வரிசை. நம் ஒலிப் பாடத்தில் படித்த அதிர்வெண்ணை இங்கே போட்டுப் பாருங்கள். ச 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், கீழ் ச அதில் பாதி, 120. ப அதைப்போல் ஒன்றரை மடங்கு, 180. ஆக 180, 240, 240, 120. எல்லாம் சுலபமான விகிதம். அதனால்தான் காதுக்கு இனிமையாகச் சேர்கிறது.

அப்படியானால் இந்த 4 எண்ணை மின்சுற்றில் போட்டால் தம்புரா வந்துவிடுமா? வராது. வெறும் 'பீப்' சத்தம்தான் வரும். காரணத்தை நம் பக்கத்துத் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921-லேயே எழுதியிருக்கிறார். ஒரு கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால் 2, 4, 6 ஆகிய மடங்கு அதிர்வெண் உள்ள மேற்சுரங்கள் கேட்கக் கூடாது என்பது பழைய விதி. ஆனால் தம்புராவில், விதிப்படி கேட்கக் கூடாத மேற்சுரங்களும் நன்றாகவே கேட்டன! தம்புராவின் குதிரை கூராக இல்லாமல் அகலமாக, லேசாக வளைந்திருக்கும். அதன்மேல் கம்பிக்கு அடியில் ஒரு நூலும் வைப்பார்கள். கம்பி அதிரும்போது குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் அந்த ரீங்காரம் வருகிறது. பெட்டியிலும் இந்த ரீங்காரம் வர வேண்டும். அதற்குக் கணக்கும் தெரிய வேண்டும், சரியா தப்பா என்று சொல்லக் காதும் வேண்டும். அவரிடம் இரண்டும் இருந்தது.

வெளிநாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் மேக்ஸ் மேத்யூஸ், 1957-ல் தான் எழுதிய புரோகிராம் மூலம் கம்ப்யூட்டரை இசை வாசிக்க வைத்தார். அது வெறும் 17 விநாடி. அவரும் வயலின் வாசிப்பவர்தான்!

இந்தப் பெட்டியால் எனக்கு லாபம் உண்டு. எங்கள் வீட்டில் தம்புரா வாங்கவும் முடியாது, மீட்ட ஆளும் கிடையாது. இப்போது செல்போனிலேயே தம்புரா வந்துவிட்டது. அம்மா போனில் அதை வைத்துத்தான் நான் பாடிப் பழகுகிறேன்.

ஆனால் எங்க அப்புச்சிக்கு நஷ்டம். அவர் நாதஸ்வரக் குழுவில் ஒத்து ஊதியவர். ஒத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளை இல்லை. கன்னத்தில் காற்றை வைத்துக்கொண்டே மூக்கால் மூச்சு இழுத்து, ஒரே சுரத்தை விடாமல் ஊத வேண்டும். பெட்டி வந்தபிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இப்போது கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறார். நான் கேட்டபோது சொன்னார்: "பெட்டி மேல எனக்குக் கோவமில்ல கண்ணு. அதுக்கு மூச்சு வாங்காது, எனக்கு வாங்கும். ஆனா சீவாளி நனைஞ்சு நாயனத்துல சுருதி கொஞ்சம் நகந்தா, நானும் கூடவே நகருவேன். பெட்டி நகராது."

இதைக் கேட்டபின் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு கருவி வந்தால் யாருக்கு உதவுகிறது, யாருக்கு வேலை போகிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் இருப்பவர் சுருதி நகர்ந்தால் தானும் நகரும் பெட்டியை நம்மில் ஒருவர் செய்யலாமே!

"பாட்டெல்லாம் போதும், சயின்ஸ் படி" என்று நம்மில் பல பேருக்கு வீட்டில் சொல்வார்கள். சயின்ஸ் படிப்போம். பாட்டையும் விட வேண்டாம். அந்தப் பெட்டியைச் செய்ய இரண்டும் தேவைப்பட்டதே.

உங்கள் ஊரில் ஒத்து ஊதிய பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் பேசி எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் ஒட்டுவோம்.



– 9-ஆம் வகுப்பு மாணவி